கனெக்டர் சூடாவது இயல்பல்ல

“சப்ளையில் 13.8 வோல்ட் சரியாகக் காட்டுகிறது, கனெக்டர் 30 ஆம்பியர் தாங்கும்; கொஞ்சம் சூடாவது இயல்பு, குறைகிற வோல்டேஜைச் சப்ளையில் ஏற்றிக்கொள்ளலாம்” என்கிறார்கள் ஹாம் ரேடியோ நண்பர்கள் பலர்.

ஒன்று: எப்போது அளந்தீர்கள்? 100 வாட் செட் ரிசீவில் இழுப்பது ஓர் ஆம்பியர் அளவே, டிரான்ஸ்மிட்டில் 20. தளர்ந்த முனையில் 0.05 ஓம் தடை இருந்தால், ரிசீவில் இழப்பு 0.05 வோல்ட். யார் கண்ணிலும் படாது. டிரான்ஸ்மிட்டில் முழுதாக 1 வோல்ட். விரல்நுனி அளவு பிளாஸ்டிக்குக்குள் 20 வாட் வெப்பம், சின்ன சால்டரிங் அயர்ன் போல! அதில் முனையின் ஸ்பிரிங் பிடி தளரும், தடை இன்னும் ஏறும்.

இரண்டு: 30 ஆம்பியர் என்பது சரியாகக் கிரிம்ப் செய்த, சுத்தமான முனைக்கு.

மூன்று: சப்ளையை ஏற்றினால் அந்தத் தடை குறையுமா?

டம்மி லோடு போட்டு டிரான்ஸ்மிட் செய்யுங்கள். ஒரே ஒயரில், கனெக்டருக்கு இருபுறமும் மீட்டரை வைத்து அளங்கள். 100 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் முனையை வெட்டிப் புதிதாகப் போடுங்கள்.