முப்பது நாளில் ஒரு நாவல்

ஒரு திங்களுக்குள் நாவல் ஒன்றின் முதற்படியை எழுதி முடித்தல் இயலுமா என இளைஞர் பலர் வினவுகின்றனர். இயலும், எழுதியோர் உளர். உருசிய எழுத்தாளர் தாஸ்தாயெவ்ஸ்கி, 1866-ஆம் ஆண்டு அக்டோபரில், ‘சூதாடி’ என்னும் நாவலை 26 நாளில் முடித்தார். குறித்த நாளில் கொடாவிடின், அவருடைய நூல்களை 9 ஆண்டுகள் ஊதியமின்றி வெளியிடும் உரிமை பதிப்பாளரைச் சாரும் என்பது ஒப்பந்தம். அவர் இரவில் குறிப்பெழுதிப் பகலில் சொல்ல, அன்னா என்னும் இளநங்கை சுருக்கெழுத்தில் எழுதினார். (பின்னர் அந்நங்கையே அவர்தம் வாழ்க்கைத் துணைவியானார்.)

இவ்வரலாற்றைக் கூறுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அந்நாவலின் கரு, அவர் 1863-இல் எழுதிய கடிதத்திலேயே உள்ளது. சூதாட்டக் கூடங்களில் பொருளிழந்து தவித்தவரும் அவரே. எழுதியது 26 நாள். ஆயத்தமோ மூன்று ஆண்டு!

தமிழில் ராஜம் கிருஷ்ணன், உப்பளத் தொழிலாளரைப் பற்றிக் ‘கரிப்பு மணிகள்’ எழுதுமுன் தூத்துக்குடிக்கே சென்று அவர்களொடு பழகினார். கேட்டறியாத வாழ்வைக் கற்பனையால் நிரப்ப அவர் துணியவில்லை.

வடசென்னையைக் களமாகக் கொண்டு விரைந்தெழுத முனைவோர்க்கு இந்நெறி மிகவும் வேண்டுவது. கத்தியும் கூச்சலுமே அப்பகுதி என்று திரைப்படங்கள் பல காட்டிவிட்டன. ஆயத்தமின்றி அமர்பவர் பேனாவிலிருந்து அப்படங்களே மீண்டும் இறங்கும். அது அங்கு வாழ்வோர்க்கு இழைக்கும் அநீதி.

இராயபுரத்தை அடுத்த காசிமேட்டில் விடியுமுன் மீன் ஏலம் நடைபெறுகிறது. அதனை ஒருநாள் நின்று காண்பவர்க்குப் பத்துப் பக்கங்கள் தாமே வந்து சேரும். மீன்கூடை சுமக்கும் பெண்டிர் விலை பேசும் பேச்சை எந்த நூலும் கற்பிக்காது. எண்ணூர்க் கழிமுகத்தில், நீரிலிறங்கிக் கையாலேயே இறால் பிடிப்போர் உளர். 2023-ஆம் ஆண்டு டிசம்பரில், மிக்ஜாம் புயல்வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு அக்கழியிற் பரவிப் படகுகளையும் வலைகளையும் கருக்கியது. ‘எண்ணெய் பரவியது’ என்று எழுத ஒரு வரி போதும். அவ்வலையின் பெயர் யாது, விலை யாது, அது பாழானபின் அவ்வீட்டில் அடுப்பெரிந்தது எவ்வாறு என்பன கேட்டாலன்றித் தெரியா. இவற்றைக் குறித்து வைத்தவர்க்கு முப்பது நாள் போதும். குறியாதவர்க்கு முந்நூறு நாளும் போதா.

எழுத விரும்பும் எண்ணூர் மாணவர், அத்தகைய வலைக்காரர் ஒருவரின் பேரராகவும் இருக்கலாம். அவர் முதற்குறிப்பைத் தம் வீட்டுத் திண்ணையிலேயே தொடங்கலாம்.