மாடி போர்டில் இரண்டு கணக்கு

எங்கள் ராஜகுளத்தில் பிள்ளைகளுக்காக மாடியில் ஒரு போர்ஷன் எடுப்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். கீழே உள்ள மெயின் போர்டிலிருந்து லைன் இழுத்து, மேலே ஒரு சின்ன டிபி பாக்ஸ் வைக்கிறார்கள். அதற்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒன்றாக முறுக்கிவிடும் வழக்கம்தான் எனக்கு ஒப்பவில்லை. "ரெண்டும் கடைசியில பூமிக்குத்தானே சார் போகுது" என்று சமாதானம் வேறு.

குமாஸ்தா வேலை பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரு தலைப்பில் ஒதுக்கிய பணத்தை இன்னொரு தலைப்பில் செலவழிக்கக் கூடாது. நியூட்ரல் அன்றாடக் கணக்கு. பேஸில் வந்த மின்சாரம் திரும்பும் வழி. எர்த் ஆபத்துக்கால நிதி. பிரிட்ஜ், கிரைண்டர் உடம்பில் கசிவு வந்தால் மட்டுமே அதைத் தொட வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு 'நெத்ர்' வேறு, 'தெர்' வேறு என்றுதான் பாடம். பிரான்சில் நியூட்ரலுக்கு நீல வயர். நம் ஊரில் கறுப்பு. நிறம் மாறினாலும் விதி மாறாது.

நியூட்ரலைப் பூமியோடு சேர்க்கும் இடம் டிரான்ஸ்பார்மர். அதை மின்வாரியமே செய்துவிடுகிறது. வீட்டுக்குள் மறுபடி சேர்த்தால், மாடிக்குப் போகும் நியூட்ரல் எங்காவது அறுந்த நாளில் மின்சாரம் முழுவதும் எர்த் வயர் வழியே திரும்பப் பார்க்கும். கோடையில் எர்த் குழி காய்ந்திருந்தால் அதற்கு வழி கிடைக்காது. எர்த் கொடுத்த எல்லா இரும்பிலும் மின்சாரம் ஏறி நிற்கும். பகலில் வீட்டில் தனியாக, வெறுங்காலோடு, ஈரக் கையோடு பிரிட்ஜைத் திறப்பது யார்? நம் வயதுக்காரர்கள்தான்.

ஈ.எல்.சி.பி. என்று நாம் சொல்லும் ஆர்.சி.சி.பி. ஒரு தணிக்கையாளர். பேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் சரியா என்று பார்க்கும். வீட்டுக்கு வைப்பதில் 30 மில்லிஆம்பியர் குறைந்தாலே வெட்டிவிடும். மேலே இரண்டையும் சேர்த்திருந்தால் ஒரு பங்கு எர்த்தில் போய்க் கணக்கு உதைக்கும். அது அடிக்கடி விழும். உடனே, "பெட்டி சரியில்லை, டைரக்டா கொடுத்துடலாம்" என்பார்கள். ஆட்சேபணை எழுதினார் என்பதற்காகத் தணிக்கையாளரை வீட்டுக்கு அனுப்புவதா?

மாடி போர்டில் நியூட்ரலுக்கு ஒரு பட்டை, எர்த்துக்கு ஒரு பட்டை, இரண்டும் ஒட்டாமல் இருக்கட்டும். கீழிருந்து இரண்டுக்கும் தனித்தனி வயர் வரட்டும். அந்தக் கூடுதல் வயருக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம். லைசென்ஸ் உள்ள வயர்மேனை அழைத்து, மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பார்த்த பிறகு கூலி கொடுங்கள்.