யாருக்கு நன்மை?

‘எல்லாம் நன்மைக்கே!’ – இரண்டே சொற்கள். எளிய சொற்கள், இனிய சொற்கள். இழவு வீட்டுத் திண்ணையிலே கேட்கிறோம். வேலை பறிபோனவனிடம் பிறர் கூறக் கேட்கிறோம். கடை தோறும், கண்ணாடிச் சட்டத்துக்குள்ளே, ‘கீதாசாரம்’ என்ற பெயர் தாங்கிய படமாகவும் காண்கிறோம். நேற்று, இன்று, நாளை என்ற முக்காலத்துக்கும் சேர்த்து ஒரே மூச்சிலே நற்சான்று வழங்கிவிடுகிறது அந்தப் படம்! கீதையின் எந்தச் சுலோகத்துக்கும் அது நேர் மொழிபெயர்ப்பு அன்று என்று கற்றவர்கள் எடுத்துக்காட்டியும் படம் சுவரைவிட்டு இறங்கவில்லை. இறங்காது! மாட்டியவருக்கு அது அவ்வளவு வசதியாக இருக்கிறது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தைப் புகட்டுவதற்கென்றே ஒரு கதையும் உண்டு. மன்னனுக்கு விரல் துண்டாகிறது. மந்திரி, “எல்லாம் நன்மைக்கே!” என்கிறான். சினந்த மன்னன் அவனைச் சிறையிலே தள்ளுகிறான். “இதுவும் நன்மைக்கே!” என்கிறான் மந்திரி. மன்னன் தனியே வேட்டைக்குச் செல்கிறான். காட்டிலே வாழ்வோர் அவனைப் பிடித்துப் பலிபீடத்தின் முன் நிறுத்துகிறார்கள். விரல் குறைந்தவன் பலிக்கு ஆகான் என்று விட்டுவிடுகிறார்கள். திரும்பி வந்த மன்னன், “எனக்கு நன்மை, சரி, சிறை உனக்கு எப்படி நன்மை?” என்று கேட்க, “நான் உடன் வந்திருந்தால் என்னையன்றோ வெட்டியிருப்பார்கள்!” என்கிறான் மந்திரி. கதை முடிகிறது, பிள்ளைகள் கை தட்டுகிறார்கள்.

நாம் கேட்கிறோம்: பலிபீடம் காத்திருந்தது, கத்தியும் தீட்டப்பட்டிருந்தது. மன்னன் தப்பினான், மந்திரியும் தப்பினான். அந்தக் கத்தி யார் கழுத்திலே இறங்கிற்று? விறகு பொறுக்க வந்தவனையோ, ஆடு மேய்க்க வந்தவனையோ, பத்து விரலும் பழுதில்லாமல் படைத்த எவனோ ஒருவனைத் தேடிப் பிடித்திருப்பார்களே, அவனுக்கு என்ன நன்மை? கதை அவனைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. அவனுக்குப் பெயர் இல்லை, பேச்சு இல்லை, அழுவதற்கு ஆளும் இல்லை. இருவரின் நன்மைக்கு மூன்றாமவன் கொடுத்த விலையை மறைத்துவிட்டால், எல்லாம் நன்மைக்கேதான்!

கதையிலே விடுபட்ட அந்த மூன்றாமவனின் பக்கத்திலே நின்று உலகைப் பார்த்த ஏடு ஒன்று உண்டு. 1759ஆம் ஆண்டு, ஆசிரியர் பெயர் இல்லாமலே வெளிவந்த ‘காண்டீட்’. எழுதியவர் பிரஞ்சு நாட்டு வால்டேர். வயது அறுபத்து நான்கு. ஜெனீவாவிலும் பாரீசிலும் அதிகார பீடங்கள் அதன்மீது பாய்ந்தன. 1762இல் ரோமாபுரி அதைத் தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியலிலே சேர்த்தது. ஒரு சிறு கதைப் புத்தகத்துக்கு இத்தனை பகையா என்று வியக்க வேண்டாம். அது குத்திய இடம் அப்படி!

அந்நாளிலே ஐரோப்பாவை மயக்கிய தத்துவம் ஒன்று இருந்தது. லைப்னிட்ஸ் என்ற ஜெர்மானிய மேதை, நுண்கணிதம் கண்டவர்களிலே ஒருவர், 1710இல் எழுதிய நூலிலே அதை நிறுவ முற்பட்டார். ஆண்டவன் படைத்திருக்கக்கூடிய உலகங்கள் எண்ணற்றவை. அவற்றுள் ஆகச் சிறந்ததைத்தான் அவன் தேர்ந்திருப்பான். ஆகவே நாம் வாழும் உலகமே ஆகச் சிறந்த உலகம்! தீமையாகத் தெரிவது முழுமையின் நன்மைக்குத் தேவையான ஒரு பகுதி! கணிதத்திலே சிறந்த மூளைதான். ஆனால் கண்ணீரைக் கழித்துவிட்டுப் போட்ட கணக்கு அது.

கணக்கைக் கலைத்தது லிஸ்பன். 1755 நவம்பர் முதல் நாள். கத்தோலிக்கர்களுக்குப் புனிதர் அனைவரின் பெருவிழா. தேவாலயங்களிலே மக்கள் வெள்ளம். பீடமெங்கும் மெழுகுவத்திச் சுடர்கள். காலை வேளையிலே பூமி குலுங்கிற்று. கோபுரங்கள் மண்டியிட்டிருந்தோர்மீதே விழுந்தன, தீ பரவிற்று, கடல் பொங்கி உள்ளே புகுந்தது. மாண்டவர் பல்லாயிரவர். இதுவா ஆகச் சிறந்த உலகம் என்று முதலிலே கவிதையாகக் குமுறினார் வால்டேர். மூன்றாண்டு கழிந்து, குமுறலைக் குறும்பாக்கிக் ‘காண்டீட்’ எழுதினார்.

காண்டீட் என்ற வெள்ளை மனத்து இளைஞன்; அவனுக்கு ஆசானாகப் பாங்கிளாஸ். மூக்குக் கண்ணாடி மாட்டுவதற்காகவே மூக்கு அமைந்தது என்று நிறுவும் பேரறிஞர் இவர்! நோயால் உடல் அழுகியும், கழுத்திலே சுருக்குக் கயிறு விழுந்தும், தம் தத்துவத்தை விடவில்லை. பிறரைக் காக்கப் பாய்ந்த நல்லவன் ஒருவன் லிஸ்பன் துறைமுகத்திலே மூழ்குகிறான். கை நீட்டத் துடிக்கிறான் காண்டீட். அவனைத் தடுத்து, அந்த மனிதன் மூழ்குவதற்கென்றே அந்தத் துறைமுகம் உண்டாயிற்று என்று நிரூபிக்கிறார் ஆசான்! நிரூபணம் முடியுமுன் மனிதன் முடிந்து போகிறான். நகரம் இடிந்த பிறகு கற்றறிந்தோர் கூடி, சிலரைத் தீயிலிட்டுக் கொளுத்தினால் பூமி அடங்கும் என்று முடிவு செய்கிறார்கள். கொளுத்தப்பட்ட அதே நாளிலே பூமி மறுபடியும் அதிர்கிறது! சிரித்துக்கொண்டே படிக்கிறோம், பிறகுதான் சிரிப்பு தொண்டையிலே சிக்குகிறது.

வால்டேர் கடவுளை மறுத்தவர் அல்லர். உலகைப் படைத்தவன் ஒருவன் உண்டு என்றே நம்பினார். ஆகையால் இதை ஆத்திகத்துக்கும் நாத்திகத்துக்கும் நடந்த வழக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. நம்புவோரும் நம்பாதோரும் சேர்ந்து கேட்க வேண்டிய கேள்வி இது: கொடுமையை நன்மை என்று பெயர் மாற்றுகிறவன் யார்? அவன் எங்கே நின்றுகொண்டு பேசுகிறான்?

வால்டேரின் கவிதைக்கு 1756இல் கடிதத்திலே மறுப்பு எழுதினார் ரூசோ. அவர் படைத்தவன் பக்கம் பேச வந்தவர். ஆனால், வந்த இடத்திலே மிகப் பெரிய உண்மை ஒன்றைச் சொல்லிவிட்டார். ஆறடுக்கும் ஏழடுக்குமாக அத்தனை ஆயிரம் வீடுகளை அங்கே நெருக்கிக் கட்டியது இயற்கை அன்று, மனிதன் என்று சுட்டினார். போர்த்துக்கல் அரசும், பொம்பல் என்ற அமைச்சரின் தலைமையிலே, ஊர் ஊராக வினாத்தாள் அனுப்பிற்று. எவ்வளவு நேரம் ஆடிற்று, எத்தனை வீடு விழுந்தது, எத்தனை பேர் மாண்டனர், கடல் முதலிலே உள்வாங்கிற்றா? பிறகு நிலநடுக்கத்தைத் தாங்கும் மரச்சட்டங்களைச் சுவருக்குள் பொருத்திப் புதிய வீடுகள் எழுந்தன. பாங்கிளாசிடம் விடை இருந்தது, வினா இல்லை. வினா தொடுத்தவர்கள் வீடு கட்டினார்கள்.

இந்தப் பழங்கதை நமக்கு எதற்கு என்று கேட்போர் திருவண்ணாமலைக்கு வரட்டும்.

2,668 அடி உயர மலை. அதன் உச்சியிலே கார்த்திகைதோறும் தீபம். அதைச் சுற்றி 14 கிலோமீட்டர் பாதையிலே, முழுநிலா நாளிலே, இலட்சக்கணக்கான கால்கள். 2024 நவம்பர் 30 இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, மழையைக் கொட்டிக்கொண்டே உள்நாட்டுக்குள் நகர்ந்தது. மறுநாள், டிசம்பர் முதல் நாள் மாலை, மலையடிவாரத்து வ.உ.சி. நகரிலே மண் சரிந்தது, பாறை உருண்டது, வீடு புதைந்தது. அடுத்து வந்த நாட்களிலே மீட்புப் படையினர் தோண்டி எடுத்தவை ஏழு உடல்கள். அவற்றுள் ஐந்து குழந்தைகளுடையவை.

ஐந்து குழந்தைகள்! வருகைப் பதிவேட்டைத் திறந்து நாள்தோறும் பெயர் வாசிப்பது நம் தொழில். “உள்ளேன் ஐயா” என்ற குரல் ஒன்று ஒரு நாள் வராமற்போனாலே நிமிர்ந்து பார்க்கிறோம். ஐந்து குரல்கள் ஒரே மாலையிலே அடங்கின. இதை எந்த நன்மையின் கணக்கிலே எழுதுவது?

இங்கேதான் நம் நாட்டுப் பாங்கிளாஸ் ஐரோப்பியப் பாங்கிளாசை விஞ்சிவிடுகிறார். அவராவது ‘முழுமையின் நன்மைக்காக நீ துன்புறுகிறாய்’ என்றார். நம்மவரோ, ‘முற்பிறப்பின் வினை, அனுபவிக்கிறாய்’ என்கிறார். அங்கே துன்புற்றவன் பலியாள்; இங்கே அவனே குற்றவாளி! பள்ளிப் பையின் வாரைக்கூடச் சரியாக மாட்டத் தெரியாத பிள்ளையின்மீது, அது அறியாத, எவரும் காணாத, எந்த மன்றமும் விசாரிக்காத ஒரு பழைய குற்றத்தைச் சுமத்துகிறார்கள். பாறை ஒரு முறை விழுந்தது. இந்தப் பழி இரண்டாம் முறை விழுகிறது.

“ஆறுதலுக்காகச் சொல்வதைக்கூடவா தாக்குவது? துயருற்றவர் எதையேனும் பற்றிக்கொள்ளட்டுமே!” என்பார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய், “அவன் செயல்” என்று சொல்லி அழுதால், அவள் கண்ணீருக்கு முன் நாம் தலை தாழ்த்துகிறோம், வாதாடுவதில்லை. நம் வாது அவளிடம் அன்று. ஈரம் படாத மாடியிலே நின்றுகொண்டு அவளுக்கு அந்தச் சொல்லை எடுத்துக் கொடுக்கிறவரிடம்! அழுகின்றவள் கூறினால் அது ஆறுதல். ஆளுகின்றவனும் ஆதாயம் பெறுகின்றவனும் கூறினால் அது வாய்ப்பூட்டு.

வாய் திறந்தால் என்ன கேட்பாள்? எங்கள் வீடு ஏன் அங்கே இருந்தது என்று கேட்பாள். மலைச்சரிவிலே மண் எப்படி நிற்கிறது என்பது மறைபொருள் அன்று. மரத்தின் வேர் பிடித்து நிறுத்துகிறது. அடிவாரத்து மண் மேலுள்ள மண்ணைத் தாங்குகிறது. வேரைக் களைந்து, அடியை வெட்டி, வடிகாலை அடைத்து வீடு எழுப்பினால், பெருமழையிலே நீர் ஊறி, மண் துகள்களின் பிடி தளர்ந்து, மண்ணிலே பதிந்திருக்கும் பாறை புறப்பட்டுவிடுகிறது. இதைத் தெரிந்தும் ஏன் அங்கே குடியேறுகிறான்? புனித நகரின் புகழ் ஏற ஏறச் சமதரையின் விலை ஏறுகிறது. விலை ஏற ஏற ஏழை மலை ஏறுகிறான். அவன் பாறையின் நிழலைத் தேடிப் போகவில்லை. அவன் பணத்துக்குக் கிடைத்த இடம் அதுதான்.

இன்னொன்றும் நடந்தது. அதே டிசம்பர் 13ஆம் நாள் தீபத் திருவிழா. மலை உறுதியாக உள்ளதா என்று நிலவியல் வல்லுநர்கள் வந்து ஆராய்ந்தார்கள். பக்தர்கள் மலையேற வேண்டாம் என்று அரசு முடிவெடுத்தது. தீபம் ஏற்றப்பட்டது, மக்கள் கீழே நின்று கண்டார்கள். சரியான முடிவு, பாராட்டுகிறோம்! ‘எல்லாம் நன்மைக்கே, ஏறுங்கள்’ என்று அன்று எவரும் கூறவில்லை அல்லவா? மண்ணைக் கேட்டார்கள், அறிவைக் கேட்டார்கள். நாம் வேண்டுவது அதிகமன்று. ஓர் இரவு ஏறி இறங்குவோருக்காகக் கேட்ட அந்தக் கேள்வியை, ஆண்டு முழுவதும் அங்கேயே உறங்குவோருக்காகவும் கேளுங்கள். கேட்டுவிட்டு, வெறுங்கையோடு வெளியே தள்ளாமல், வேலைக்கும் பள்ளிக்கும் எட்டுகிற தூரத்திலே மாற்று மனை கொடுங்கள்.

‘விதி’ என்ற சொல்லுக்கு நம் மொழியிலே இரு பொருள். தலைவிதி ஒன்று, சட்டவிதி மற்றொன்று. 2004 ஜூலை 16இல் கும்பகோணத்துப் பள்ளியிலே கூரை பற்றியெரிந்து 94 குழந்தைகள் கருகினார்கள். தலைவிதி என்று விட்டிருந்தால், அடுத்த கூரை அடுத்த தீக்காகக் காத்திருக்கும். பள்ளியிலே ஏன் கீற்றுக் கூரை என்று நாடே கேட்டது, கீற்றுகள் இறங்கின. அதே ஆண்டு டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நாகைக் கரையைச் சூறையாடிற்று. ஏன் எச்சரிக்கை வரவில்லை என்று கேட்டார்கள். 2007இல் ஐதராபாத்திலே எச்சரிக்கை மையம் எழுந்தது. மாண்டவர் மீளவில்லைதான். அந்தச் சாவுகளை ‘நன்மைக்கே’ என்று எவரேனும் கூறத் துணிந்தால், நாம் கூறுவோம்: சாவிலே நன்மை இல்லை, அதை ஏன் என்று கேட்டதிலேதான் நன்மை பிறந்தது.

கதையின் முடிவிலே காண்டீட் ஒரு சிறு தோட்டத்திலே உழைக்கிறான். அப்போதும் பாங்கிளாஸ் விடுவதாயில்லை; பட்ட பாடெல்லாம் இந்தத் தோட்டத்தை அடைவதற்கான படிகளே என்று அடுக்குகிறார். சீடன் பணிவாகக் கேட்டுவிட்டு, நமக்குத் தோட்ட வேலை இருக்கிறது என்று திரும்பிவிடுகிறான். ஆசானை அடிக்கவில்லை, வெட்டவில்லை. அவருடைய பேச்சுக்கு இனி வேலையில்லை என்று ஆக்கிவிட்டான், அவ்வளவுதான்.

நமக்கும் தோட்டம் இருக்கிறது: நம் வகுப்பறை. அடுத்த முறை அந்த மன்னன், மந்திரிக் கதையைச் சொல்லும்போது, கை தட்டல் ஓய்ந்ததும் ஆசிரியர்கள் ஒரு கேள்வி சேர்க்கட்டும்: “பிள்ளைகளே, கடைசியிலே யாரை வெட்டினார்கள்?” வகுப்பு ஒரு கணம் அமைதியாகும். பிறகு ஒரு கை உயரும். அந்தக் கையை எவரும் இறக்கிவிடாதிருந்தால் போதும்.