பட்டா இல்லாதவரின் குரல்

ஓசூரில் 2,000 ஏக்கர் பரப்பில், ஆண்டுக்கு மூன்று கோடிப் பிரயாணிகள் வந்துபோகத் தக்க விமான நிலையம் ஒன்று அமையும் என்று 2024 ஜூன் 27-ஆம் தேதி முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்ததையும், அதற்குரிய இடமாகப் பாகலூருக்கும் பேரிகைக்கும் இடைப்பட்ட பிரதேசம் மறு ஆண்டிலேயே அடிபடத் தொடங்கியதையும் நாடு அறியும். விமான நிலையம் வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதத்தில் நான் இங்கே இறங்கவில்லை. அந்த விஷயத்தைத் தீர்மானிக்கிற சபையில் யாருடைய சொல் செல்லும், யாருடைய சொல் செல்லாது என்பதே என் விசாரம்.

அந்தப் பிரதேசத்தில், பொழுது புலருமுன்பே பசுமைக்குடில்களுக்குள் நுழைந்து, மொட்டு விரிவதற்குள் ரோஜாவைத் தண்டோடு கத்தரித்து, தண்ணீர் நிறைந்த பக்கெட்டுகளில் நிறுத்தி, நீளம் பார்த்துத் தரம் பிரித்து, 20 தண்டுகளை ஒரு கட்டாக அட்டையில் சுற்றிப் பெங்களூருக்குப் போகும் வண்டியில் ஏற்றுகிறவர்கள் தினக்கூலிப் பெண்கள். குடிலுக்கு அப்பால், யாரோ ஒருவருடைய நிலத்தை வாய்ப்பேச்சாகவே குத்தகைக்கு எடுத்து, தக்காளியும் முட்டைக்கோசும் கொத்தமல்லியும் மாற்றி மாற்றிப் பயிரிடுகிறவர் இருக்கிறார். போர்வெல் மோட்டார் பழுதானாலும், சந்தையில் தக்காளி விலை சரிந்தாலும், நஷ்டம் முழுவதும் அவர் தலையில்தான் விடிகிறது. ஆயினும் பட்டாவில் அவர் பெயர் கிடையாது. அடங்கலிலும் நிலக்காரர் பெயரே நிற்கும். அரசாங்கம் நிலத்தை எடுக்கும்போது நோட்டீசு அந்தப் பெயருக்கு வரும், ஈட்டுத்தொகையும் அந்தப் பெயருக்கே வரும்.

2013-ஆம் ஆண்டின் மத்திய நிலம் கையகப்படுத்தல் சட்டம், மூன்றாண்டுகளாக அந்த நிலத்தை நம்பி ஜீவித்த குத்தகைதாரரையும் விவசாயக் கூலியையும் பாதிக்கப்பட்ட குடும்பங்களாக ஏற்று, மறுவாழ்வுக்குரியவர்கள் என்று சொன்னது பெரிய காரியம்தான். ஆனால் அதே சட்டம், தனியார் கம்பெனிக்கு நிலம் எடுக்க நூற்றுக்கு எண்பது குடும்பங்களின் சம்மதமும், அரசும் தனியாரும் கூட்டாக நடத்தும் திட்டத்துக்கு எழுபது குடும்பங்களின் சம்மதமும் வேண்டுமென்று விதித்தபோது, அந்தச் சம்மதத்தை நிலம் பறிகொடுக்கும் குடும்பத்தாரிடமும், அரசு ஒப்படை நிலம் பெற்றவரிடமும் மட்டுமே கேட்டது. கூலிக்காரருக்கு நிவாரணம் உண்டு. அபிப்பிராயம் சொல்ல இடமில்லை.

தமிழ்நாட்டிலோ அந்தச் சம்மதமும், அதற்கு முன் நடக்கவேண்டிய சமூகத் தாக்க ஆய்வும்கூடத் தேவையில்லை என்ற நிலை. தொழிற்காரியங்களுக்காக நிலம் எடுக்கும் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் 2019 ஜூலையில் செல்லாதென்று தீர்ப்பளிக்க, அதே மாதத்தில் சட்டமன்றம் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 2021-இல் உச்சநீதிமன்றமும் அதை அங்கீகரித்தது. பரந்தூர் விமான நிலையத்துக்கு இந்தச் சட்டத்தின்படியே நிலம் எடுக்கிறார்கள். பாகலூருக்கும் அந்த வழியே வருமென்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. நிலமில்லாத குடும்பம் எது, அது எதை நம்பிப் பிழைக்கிறது என்று ஊர் ஊராகக் கேட்டு எழுதக்கூடிய ஆய்வே நடவாதபோது, மறுவாழ்வுக்குரியவர் என்று சட்டம் சொல்லும் ஒருவரை எந்த அதிகாரி எங்கே போய்த் தேடுவார்?

இந்த நியாயக்கேடு இன்று நேற்று வந்ததன்று. இப்பகுதியின் பழைய பாளையப்பட்டுகளுள் பாகலூரும் பேரிகையும் சூளகிரியும் உண்டு. ஜமீன் முறையை ஒழித்த 1948-ஆம் ஆண்டுச் சட்டம் ரயத்துக்குப் பட்டா தந்தது. ரயத்தின் நிலத்தில் ஏர் பிடித்தவனுக்கு அதில் ஒன்றும் கிட்டவில்லை. ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1937-இல் சென்னை மாகாணப் பிரதமரானபோது சொத்துள்ளவரும் வரி கட்டுபவரும் படித்தவருமே பெரும்பாலும் வாக்காளர்கள். 1952 தேர்தலில் வயது வந்தோர் யாவருக்கும் வாக்குரிமை வந்து அந்த வேலியைத் தகர்த்தது. ஆனால் வாக்குச்சாவடியில் தகர்ந்த வேலி நிலமெடுப்பு அலுவலகத்தின் வாசலில் இன்னும் அப்படியே நிற்கிறது என்பதைப் பாகலூர்ச் சீமையில் நாம் கண்ணாரக் காண்கிறோம்.

இதே வேலி தொழிற்சாலைக்குள்ளும் உண்டு. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது முதல் ஓசூர் பெற்ற அபிவிருத்தியை நான் மறுக்கவில்லை. எத்தனையோ குடும்பங்களின் பிள்ளைகள் அதனால் படித்தார்கள். எனினும் ஒரே இயந்திரத்தின் இரு பக்கத்தில் நின்று ஒரே வேலையைச் செய்யும் நிரந்தரத் தொழிலாளிக்கும் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் சம்பளத்தில் மட்டுமன்றி, கேள்வி கேட்கும் தைரியத்திலும் எவ்வளவு தூரம்! ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஒரே அறையில் பலர் படுத்தெழும் இளைஞர்களுக்கோ வாக்கு சொந்த ஊரிலும் வாழ்வு இங்குமாக இருப்பதால், அவர்கள் தெருவின் சாக்கடைக்காக எந்த வேட்பாளரும் கவலைப்படவேண்டிய கட்டாயமில்லை.

செய்வதற்கு வழியில்லாமல் இல்லை. குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்வதற்கென்றே 1969-ஆம் ஆண்டுச் சட்டமொன்று இருக்கிறது. வாய்மொழிக் குத்தகைக்காரர் நிலக்காரருக்கு அஞ்சி அதன் பக்கமே போவதில்லை. எனவே பாகலூர், பேரிகை வட்டாரத்தில் அளவைக் கல் நடுவதற்கு முன்பே, வருவாய்த்துறையினர் தாமே கிராமந்தோறும் முகாமிட்டுக் குத்தகைதாரரையும் கூலிக் குடும்பங்களையும் எழுதிக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டியலைக் கிராம சபையில் உரக்கப் படித்து, தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஆட்சேபம் கேட்டுத் திருத்த வேண்டும். அதன் பின்னரே மாவட்ட ஆட்சியர் விலை பேச உட்காரட்டும். அப்போது பட்டாதாரருக்கு இடும் நாற்காலிக்குப் பக்கத்தில், பூப்பறிக்கும் பெண்ணுக்கும் ஒரு நாற்காலி இடட்டும்.