கல்லாவில் அமர்ந்திருப்பவரையும் கவனிப்போம்



2008-ம் ஆண்டு ஆகஸ்ட் 11-ந் தேதி பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டி நடந்தது. கடைசிக் குண்டுக்கு முன் அபினவ் பிந்த்ராவும் பின்லாந்து வீரரும் சமமாக இருந்தார்கள். பிந்த்ரா 10.8 புள்ளி எடுத்தார். தனிநபர் பிரிவில் இந்தியாவுக்கு முதல் ஒலிம்பிக் தங்கம் கிடைத்தது. ஊரெல்லாம் பட்டாசு வெடித்தது.

ஆனால் அந்த வெற்றிக்குப் பிறகு தம் மனம் வெறுமையாகிப் போனதாகவும், அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் தவித்ததாகவும் அவரே பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். தங்கம் வாங்கியவருக்கு என்ன குறை என்றுதான் நமக்குக் கேட்கத் தோன்றும். குறை பதக்கத்தில் இல்லை. பல வருடங்கள் ஒரே இலக்கையே நினைத்து வாழ்ந்தவருக்கு, அந்த இலக்கு முடிந்த மறுநாள் காலையில் எழுந்து செய்ய வேலை இல்லாமல் போயிற்று.

தோல்வியும் அவருக்குப் புதிதல்ல. 2004-ல் ஏதென்ஸில் தகுதிச் சுற்றை நன்றாகச் சுட்டுக் கடந்தும் இறுதிச் சுற்றில் 7-வது இடமே கிடைத்தது. பிறகு முதுகுவலி வாட்டியது. 2016-ல் ரியோவில் 4-வது இடம் பெற்று ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பிறகு தாம் பட்டதை மற்ற வீரர்கள் படக் கூடாது என்று வேலை செய்து வருகிறார். அவர் பெயரிலான அறக்கட்டளை வீரர்களுக்கு மருத்துவ, அறிவியல் உதவிகளைத் தருகிறது. 2018 முதல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் வீரர்கள் ஆணையத்தில் இருந்து, வீரர்களின் மனநலத்துக்காகப் பேசி வந்தார். 2024-ல் அந்தக் கமிட்டி அவருக்கு ஒலிம்பிக் ஆர்டர் விருது அளித்தது.

நியூசிலாந்தின் ரக்பி வீரர் ஜான் கிர்வன் கதையும் இதுதான். அவர் இறைச்சிக் கடைத் தொழிலில் இருந்து வந்தவர். ஒருவகையில் நம் இனம். 1987 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில், ஏறக்குறைய மைதானத்தின் முழு நீளத்துக்கும் பந்தோடு ஓடிப் புள்ளி எடுத்த பலசாலி. அவரையும் மனச்சோர்வு பிடித்து ஆட்டியது. அதை மறைக்காமல் புத்தகமாக எழுதினார். மனச்சோர்வுக்கு உதவி கேட்பது வெட்கமல்ல என்று அந்நாட்டு விளம்பரங்களில் தோன்றிச் சொன்னார்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். விளையாட்டு வீரனுக்கு ஆட்டத்தின் புள்ளி எப்படியோ, வணிகனுக்குக் கல்லாக் கணக்கு அப்படி. நம் பாலக்கோட்டுத் தக்காளி மார்க்கெட்டையே பாருங்கள். விலை ஏறிய வாரம் மண்டிக்காரர் முகம் ஒருவிதம். கூடை கேட்பாரில்லாத வாரம் வேறுவிதம். மளிகைக் கடைக்காரருக்கோ விடியுமுன் கதவைத் திறந்தால் இரவு பத்து மணிவரை வேலை. வராத கடன், கட்ட வேண்டிய தண்டல், மொத்த வியாபாரிக்குத் தர வேண்டிய நிலுவை என்று எல்லாம் ஒரே தலையில். வீட்டில் சொன்னால் பயப்படுவார்கள். வெளியில் சொன்னால் சரக்குத் தர யோசிப்பார்கள். ஆகவே சொல்வதே இல்லை.

'வேலையில் மூழ்கினால் கவலை மறந்துபோகும்' என்பார்கள் பெரியவர்கள். அன்றாடக் கவலைக்கு அது சரி. தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டு, பேச்சும் நின்றுபோனால் அது கவலையல்ல, நோய். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் டாக்டரிடம் போகிற நாம் இதற்கு மட்டும் போகக் கூச்சப்படலாமா? பணம் இருந்தால் இந்த நோய் வராது என்பதும் தவறு. பிந்த்ரா வசதியான தொழில் குடும்பத்துப் பிள்ளைதான்.

வரிப் பிரச்சினை, வாடகைப் பிரச்சினை என்றால் சங்கம் ஓடி வருகிறது. உறுப்பினர் இறந்தால் மாலையோடு போகிறோம். குடும்ப நிதிக்கு மனு எழுதிக் கொடுக்கிறோம். உயிரோடு இருக்கும்போது போக வேண்டாமா?

சங்கங்கள் மூன்று காரியங்களைச் செய்யலாம். காரணம் தெரியாமல் ஒரு கடை இரண்டு நாள் பூட்டிக் கிடந்தால், அந்தத் தெரு உறுப்பினர்கள் இருவர் வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும். நிலுவையால் நெருக்கடி வந்தால், நிர்வாகிகள் இருதரப்பையும் அழைத்து, வெளியே தெரியாமல் தவணை பேசி முடிக்க வேண்டும். மகனிடம் கடையை ஒப்படைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்ட மூத்த வணிகர்களைச் சங்கப் பணிக்கு அழைக்க வேண்டும். நாற்பது வருடம் கொள்முதல் செய்த அனுபவம் இளைஞர்களுக்குப் பயன்படும். அவருக்கும் காலையில் எழுந்து போக ஓர் இடம் இருக்கும்.

இவற்றுக்குப் பெரும் செலவில்லை. மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் கிடையாது, இரவும் பகலும் பேசலாம். இந்த எண்ணைச் சங்க அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வையுங்கள்.

இருப்பில் உள்ள சரக்கை ஆண்டுக்கொரு முறை எண்ணிப் பார்க்கிறோம். கடையை நடத்துகிற மனிதர் எப்படி இருக்கிறார் என்று மாதம் ஒருமுறையாவது கேட்போம். அடுத்த கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுத்துக்கொண்டு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும் என்பது நம் வேண்டுகோள்.