சில மணி நேரப் பினாங்கு



பள்ளி விடுமுறையில் சொகுசுக் கப்பலில் போய்வருவது இன்று பல குடும்பங்களுக்கு வழக்கமாகிவிட்டது. சிங்கப்பூரிலிருந்தோ கிள்ளான் துறைமுகத்திலிருந்தோ புறப்படும் கப்பல்கள் பல, பினாங்கின் சுவெட்டன்ஹாம் துறையில் சில மணி நேரம் நின்று செல்கின்றன. விடுமுறை முடிந்து மாணவர் எழுதும் கட்டுரையில் கப்பலின் நீச்சல் குளமும் விருந்தும் பக்கம் பக்கமாய் வருகின்றன. பினாங்குக்கோ ஒரே ஒரு வரிதான்!

"அவ்வளவு குறைந்த நேரத்தில் எதைத்தான் பார்ப்பது?" என்பது பெற்றோர் பலரின் கேள்வி. நேரம் குறைவு என்பது உண்மையே. ஆனால் குறை நேரத்தில் இல்லை. முன்னேற்பாடு இல்லாமல் இறங்குவதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

ஜார்ஜ் டவுன் 2008ஆம் ஆண்டு மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தகுதியைப் பெற்ற நகரம். அதன் பழைய பகுதி, துறையிலிருந்து நடந்தே பார்க்கக்கூடிய அளவில் அமைந்திருக்கிறது. குவீன் தெருவில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோவில் உள்ளது. தென்னிந்திய முசுலிம் வணிகர்களின் தலைவர் காதிர் முகைதீன் காலத்தில் 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் அருகில்தான். சூலியா தெரு என்னும் பெயரே அவ்வணிகர்களைச் சுட்டுவது. பினாங்குத் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. தைப்பூச வெள்ளி இரதம் புறப்படும் கோவில் வீடும் அங்கேதான் இருக்கிறது.

ஆர்மேனியன் தெருவில் 2012இல் எர்னெஸ்ட் சக்கரெவிச் தீட்டிய மிதிவண்டிச் சிறுவர் ஓவியத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வதில் தவறில்லை. பிள்ளைகளுக்கு அது மகிழ்ச்சி. ஆனால் அங்கிருந்து சில நிமிட நடையில் இருக்கும் நம் முன்னோரின் தடங்களைக் காட்டாமலே கப்பலுக்குத் திரும்புவது முறையா?

இன்னொன்றையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் பாட்டன் பாட்டியர் பலர் மலாயாவில் முதலில் கண்ட கரை இதுதான். 1926இல் கட்டப்பட்ட ரஜுலா கப்பல் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வரை பல்லாண்டுகள் ஓடியது. ஏழைப் பயணிகள் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தனர். வந்தவர் பலர் உடனே ஊருக்குள் நுழைய முடியவில்லை. ஜெரெஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமில் தங்கிய பிறகே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். பின்னர் வந்த 'சிதம்பரம்' கப்பலும் 1985இல் தீ விபத்துக்கு உள்ளாக, அக்கடல்வழிப் பயணம் முடிவுக்கு வந்தது.

அதே கடலில்தான் இன்று நம் பிள்ளைகள் குளிரூட்டப்பட்ட அறையில் பயணம் செய்கிறார்கள். இந்த உயர்வு நமக்குப் பெருமை தருவது. ஆனால் எங்கிருந்து உயர்ந்தோம் என்பதை அறியாத பிள்ளைக்கு அந்தப் பெருமை எப்படிப் புரியும்? கட்டுரையில் வரும் அந்த ஒற்றை வரி என்னை உறுத்துவது இதனால்தான்.

பெரிய செலவோ வழிகாட்டியோ தேவையில்லை. புறப்படுவதற்கு முன் வீட்டுப் பெரியவரிடம், "நம் குடும்பத்தில் முதலில் கப்பலேறி வந்தவர் யார்? எந்த ஊரிலிருந்து வந்தார்?" என்று பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள். பினாங்கில் இறங்கியதும் தமிழில் எழுதிய பெயர்ப்பலகைகளைத் தேடி வாசிக்கச் சொல்லுங்கள். கோவில் வாசலிலும் பள்ளிவாசல் வாசலிலும் ஐந்து நிமிடம் நின்று, கட்டியவர் யார், எப்போது என்று சொல்லுங்கள். ஆசிரியர்களாகிய நாமும் 'கப்பல் பயணம்' என்று தலைப்புக் கொடுப்பதை விட்டு, 'கப்பல் நின்ற ஊர்' என்று கொடுத்துப் பார்க்கலாமே!

கப்பல் கிளம்பும் நேரத்தை நம்மால் மாற்ற முடியாது. அதற்குள் பிள்ளைக்கு என்ன காட்டுகிறோம் என்பது நம் கையில்தான் இருக்கிறது.