படம் வரைந்தால் கைது, வழக்காடினால் அடி: நெல்லை சொல்லும் பாடம்

2017 அக்டோபர் 23ஆம் தேதி திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு கூலித்தொழிலாளி தன் மனைவி மீதும் இரண்டு சிறு பெண் குழந்தைகள் மீதும் மண்ணெண்ணெய் ஊற்றித் தீ வைத்து, தானும் எரிந்தார். நால்வரும் இறந்தனர். கந்துவட்டிக் கொடுமை குறித்துப் பலமுறை மனு கொடுத்தும் நடவடிக்கை இல்லை என்பதே அவர்களது குறை. அதிக வட்டி வசூலிப்பதைத் தடை செய்யும் சட்டம் தமிழகத்தில் 2003 முதல் இருக்கிறது. சட்டம் புத்தகத்தில் இருந்தது, மனு அலுவலகத்தில் இருந்தது. இரண்டும் சந்திக்கவே இல்லை.

அடுத்த நாள் கார்ட்டூனிஸ்ட் பாலா ஒரு படம் வரைந்து முகநூலில் வெளியிட்டார். தீயில் கருகிக் கிடக்கும் குழந்தை. அதைச் சுற்றி ஆடையின்றி, பணக்கட்டால் மறைத்தபடி நிற்கும் முதலமைச்சர், ஆட்சியர், காவல்துறை ஆணையர். ஆட்சியர் தரப்பின் புகாரின் பேரில் வழக்குப் பதிவானது. நவம்பர் 5ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நெல்லைக் காவல்துறை சென்னைக்கே சென்று அவரை வீட்டில் கைது செய்து அழைத்து வந்தது. மறுநாள் நீதிமன்றம் ஜாமீன் வழங்கியது.

அந்தப் படம் நம்மில் பலருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். குடும்பத்தோடு பார்க்கும் படமல்ல அது. ஆனால், படம் நாகரிகமானதா என்பதும், வரைந்தவரை 600 கிலோமீட்டருக்கு மேல் அழைத்து வரலாமா என்பதும் வேறு வேறு கேள்விகள். முதல் கேள்வியைக் காட்டி இரண்டாவதை நம் கண்ணிலிருந்து மறைப்பதுதான் அதிகாரத்தின் வழக்கமான உத்தி.

எந்தச் சட்டம், எதற்காக?

பதிவான பிரிவுகளைக் கவனித்தால் விஷயம் விளங்கும். ஒன்று, அவதூறானதை அச்சிடுவது தொடர்பான இந்திய தண்டனைச் சட்டத்தின் 501ஆவது பிரிவு. இதில் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் போலீஸ் யாரையும் கைது செய்ய முடியாது. மற்றொன்று, ஆபாசத்தை இணையத்தில் பரப்புவதற்கு எதிரான தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆவது பிரிவு. இதில் கைது செய்யலாம். அதிகாரிகளைக் கேலி செய்த அரசியல் படம், இந்தப் பிரிவின் துணையால் ஆபாசப் படமாகிவிட்டது. சமூக வலைத்தளப் பதிவுகளுக்காகக் கைது செய்ய உதவிய 66ஏ பிரிவை 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த பிறகு, வேறு கதவு தேடியதன் விளைவு இது.

67ஆவது பிரிவிலும் முதல் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை மூன்றாண்டுதான். ஜாமீனில் விடத்தக்க குற்றம். ஏழாண்டு வரை மட்டுமே தண்டனை உள்ள வழக்குகளில் எடுத்த எடுப்பில் கைது கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014லேயே அர்னேஷ் குமார் வழக்கில் கூறிவிட்டது. ஒரு நோட்டீஸ் போதுமான இடத்தில் கைது நடந்தது. சில ஆண்டுகள் கழித்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இந்த வழக்கையே ரத்து செய்தது. ஆனால் அதற்குள் பார்க்க வேண்டியவர்கள் எல்லாம் பார்த்துவிட்டார்கள்: பேசினால் வீட்டு வாசலுக்கு வண்டி வரும். இதுபோன்ற வழக்குகளில் தீர்ப்புக்கு முன்பே தண்டனை முடிந்துவிடுகிறது.

அதே 2017 நவம்பரில், அதே நெல்லை மாவட்டத்தில், வழக்கறிஞர் செம்மணியை வீட்டிலிருந்து தூக்கிச் சென்று காவலர்கள் கடுமையாகத் தாக்கியதாகப் புகார் எழுந்தது. வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தைப் புறக்கணித்துப் போராடினர். ஒரே மாதத்தில் ஓவியர் ஒருவர், வழக்கறிஞர் ஒருவர். இது தற்செயலா?

ஆற்றுக்குத் தெரிந்த கதை

தாமிரபரணிக் கரைக்கு இது புதிதல்ல. 1908 மார்ச் 12ஆம் தேதி வ.உ.சி. கைது செய்யப்பட்டார். மறுநாள் நெல்லை கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் உயிரிழந்தனர். வ.உ.சி. ஒரு வக்கீல். கோரல் மில் தொழிலாளர்களுக்காகப் பேசியவர். அவரது சுதேசிக் கப்பல் கம்பெனிக்குப் பெரும் முதலீடு தந்தவர் ஹாஜி முகமது பக்கீர் சேட் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். வ.உ.சி.க்குக் கிடைத்தது இரட்டை ஆயுள் தண்டனை. வக்கீல் சன்னதும் பறிபோனது. அதே ஆண்டு சுதேசமித்திரன் ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர் கைதானார். கேலிச்சித்திரங்களை வெளியிட்டு வந்த 'இந்தியா' இதழின் பெயரளவு ஆசிரியர் சிறை சென்றார். அதன் உண்மையான ஆசிரியரான பாரதி புதுச்சேரிக்குச் சென்றார். வக்கீல், பத்திரிகையாளர், கேலிச்சித்திரம் என்று அன்றைய வெள்ளை அரசு குறிவைத்த அதே மூன்றும் இன்றும் குறியில் இருக்கின்றன.

1999 ஜூலை 23ஆம் தேதி, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற ஊர்வலத்தின் மீது போலீஸ் தடியடி நடத்தியது. ஆற்றில் 17 உயிர்கள் போயின. நீதிபதி மோகன் ஆணையம் காவல்துறைக்குச் சாதகமாகவே முடிவு சொன்னது. ஆனாலும் அன்று என்ன நடந்தது என்பதை இன்றும் நாம் பேச முடிகிறதென்றால், படம் பிடித்தவர்களும் எழுதியவர்களும் ஆர்.ஆர். சீனிவாசனின் ஆவணப்படமும்தான் காரணம்.

2023 மார்ச்சில் அம்பாசமுத்திரம் கோட்டத்தில், விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்களின் பற்கள் பிடுங்கப்பட்டதாகப் புகார் வெடித்தது. உதவிக் காவல் கண்காணிப்பாளர் பல்வீர் சிங் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். ஐஏஎஸ் அதிகாரி அமுதா தலைமையில் விசாரணை நடந்து, வழக்கு சிபிசிஐடிக்குச் சென்றது. பாதிக்கப்பட்ட ஒருவர் முதலில், தான் கீழே விழுந்ததாகச் சொன்னதும் நடந்தது. அச்சம் இப்படித்தான் சாட்சியம் சொல்லும். பக்கத்தில் ஒரு வழக்கறிஞரும் எதிரில் ஒரு கேமராவும் வந்து நின்ற பிறகே மற்றவர்களின் வாய் திறந்தது. ஆனால் 2024 தொடக்கத்தில் அந்த அதிகாரியின் பணியிடை நீக்கம் விலக்கிக்கொள்ளப்பட்டது.

2025 மார்ச் 18ஆம் தேதி, ரமளானில், அதிகாலைத் தொழுகை முடித்துத் திரும்பிய ஓய்வுபெற்ற காவல் உதவி ஆய்வாளர் ஜாகிர் உசேன் பிஜிலி நெல்லையில் வெட்டிக் கொல்லப்பட்டார். நிலத் தகராறில் தன் உயிருக்கு ஆபத்து என்றும் காவல் அதிகாரிகள் எதிர்த்தரப்புக்குத் துணை போகிறார்கள் என்றும் அவர் முன்பே வீடியோவில் சொல்லியிருந்தார். கொலைக்குப் பிறகுதான் அதிகாரிகள் மீது நடவடிக்கை வந்தது. காக்கிச் சட்டை போட்டிருந்தவருக்கே இந்த நிலை என்றால், மேலப்பாளையத்திலும் ஏர்வாடியிலும் உள்ள சாமானியரின் புகாருக்கு என்ன மதிப்பு?

கவனியுங்கள்: 2017ல் ஒரு கட்சியின் ஆட்சி, 2023லும் 2025லும் வேறு கட்சியின் ஆட்சி. ஆட்சி மாறியது, காவல் நிலையம் மாறவில்லை.

டெல்லி முதல் மதுரை வரை

நாட்டளவில் இன்னும் கடுமை. ஹத்ராஸ் சென்ற கேரளப் பத்திரிகையாளர் சித்தீக் கப்பன் 2020 அக்டோபர் 5ஆம் தேதி கைதாகி, ஊபா சட்டத்தில் அடைக்கப்பட்டு, 2023 பிப்ரவரியில்தான் வெளியே வந்தார். பழைய ட்வீட் ஒன்றுக்காக முகமது ஜுபைர் 2022 ஜூனில் கைதானார். 2023 மே மாதம் மதுரை வழக்கறிஞர் முகமது அப்பாஸை தேசியப் புலனாய்வு முகமை கைது செய்தது. தடை செய்யப்பட்ட அமைப்போடு தொடர்பு என்பது முகமையின் குற்றச்சாட்டு. அவ்வழக்கில் கைதானவர்களுக்காக வாதாடியதே காரணம் என்பது சக வழக்கறிஞர்களின் குரல். எது உண்மை என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் ஊபா வழக்கை எடுத்தால் நமக்கும் இதுதான் கதி என்று இளம் வழக்கறிஞர்கள் ஒதுங்கினால், நம் வீட்டுப் பிள்ளைக்காக நாளை யார் வக்காலத்து போடுவார்?

நாம் என்ன செய்வது?

முதலில், உரிமைகளைத் தெரிந்துகொள்வோம். கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். குடும்பத்துக்குத் தகவல் தர வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்க உரிமை உண்டு. காவலில் இருப்பவருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்கும். அதற்கான தொலைபேசி எண் 15100. இந்த எண் ஒவ்வொரு ஜமாஅத் அலுவலகச் சுவரிலும் இருக்கட்டும்.

இரண்டாவதாக, நமக்காகப் பேசுபவர் தாக்கப்படும்போது மட்டும் குரல் கொடுத்தால் போதாது. பாலா வரைந்தது ஒரு முஸ்லிம் குடும்பத்துக்காக அல்ல. அம்பாசமுத்திரத்தில் பல்லை இழந்தவர்களில் பெரும்பாலானோர் நம் சமுதாயத்தினர் அல்லர். அவர்கள் பக்கம் நாம் நின்றால்தான், நாளை நம் பக்கம் நிற்க ஆள் இருப்பார்கள்.

மூன்றாவதாக, பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளிடம் மருத்துவம், பொறியியல், வளைகுடா வேலை பற்றிப் பேசுவதோடு நிறுத்த வேண்டாம். நெல்லையிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. ஊருக்கு ஒரு வழக்கறிஞரும் ஒரு பத்திரிகையாளரும் உருவாக ஆகும் செலவை ஜமாஅத்துகள் பகிர்ந்துகொண்டால், நள்ளிரவில் கதவு தட்டப்படும் வீட்டுக்கு ஓடி வர ஒருவராவது இருப்பார்.